கொரியக் குழந்தைக்குக் காத்திருக்கும் வீட்டில் கொரியப் பண்டிகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மினசோட்டாவில் நாங்கள் குடியிருந்த தெருவில் எதிர் வீட்டுக்காரர்கள் 2014-ல் கொரியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்தார்கள். கணவன், மனைவி இருவருமே வெள்ளைக்கார அமெரிக்கர்கள். குழந்தை வீடு வந்து சேர்ந்தது 2017 நவம்பரில். இடைப்பட்ட வருடங்களில் அவர்கள் கொரியப் பண்டிகைகளை வீட்டில் கொண்டாடத் தொடங்கினார்கள். அரிசி மாவு பிசையத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு இதெல்லாம் அறிமுகமானது அப்படித்தான்.

நம் ஆட்களிடம் இந்தக் கதையைச் சொன்ன போதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான் வந்தன. கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். பதில்களில் பாதி அந்த வீட்டில் பார்த்தது. மீதி, குழந்தையாக அமெரிக்கா வந்து இப்போது நடுவயதைத் தொட்டிருக்கும் கொரியத் தத்துப்பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அமெரிக்காவில் அவர்கள் நிறையப் பேர் வளர்ந்த மாநிலங்களில் மினசோட்டா முக்கியமானது.

குழந்தையே இன்னும் வரவில்லை. அதற்குள் எதற்குப் பண்டிகை?

வருவது பச்சைக் குழந்தை அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வருடங்களில் கொரியாவிலிருந்து அமெரிக்கா வந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வயது தாண்டியிருக்கும். அதுவரை ஒரு தற்காலிக வளர்ப்புத் தாயின் வீட்டில் இருந்திருப்பார்கள். அங்கே பேசியது கொரிய மொழி, சாப்பிட்டது கொரியச் சாப்பாடு, பார்த்ததும் கொரியப் பண்டிகைதான். விமானம் ஏறி இறங்கியதும் வீடு, வாசனை, முகம், பேச்சு எல்லாமே மாறிவிடுகிறது. சமையலறையிலிருந்து தெரிந்த வாசனை ஒன்றாவது வந்தால் நல்லதுதானே.

இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை வந்த பிறகு தொடங்கினால் அது குழந்தைக்காகப் போடும் நிகழ்ச்சி மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று வருடம் முன்பே தொடங்கிவிட்டால் அது அந்த வீட்டின் வழக்கம். அடி பிடித்த சூப், வெடித்த கொழுக்கட்டை, தப்பாக உச்சரித்த வாழ்த்து எல்லாம் அதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

எதற்கு மூன்று வருடம்? நம் ஊர் மாதிரி இழுத்தடிப்பா?

இழுத்தடிப்பு என்று முழுக்கச் சொல்ல முடியாது. கொரியாவில் 2012 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தத்தெடுப்புச் சட்டம் அப்போது இந்தப் படிகளை வைத்திருந்தது. பெற்ற தாய் யோசித்து முடிவெடுக்கக் குழந்தை பிறந்து குறைந்தது ஏழு நாள் கொடுக்க வேண்டும். முதலில் உள்நாட்டிலேயே பெற்றோர் தேட வேண்டும். அதற்கு ஐந்து மாதம். அதன் பிறகுதான் வெளிநாட்டுக் குடும்பத்தைப் பார்க்கலாம். குடும்ப நீதிமன்றமும் ஒப்புதல் தர வேண்டும். பெற்றோராகப் போகிறவர்கள் நீதிபதி முன் நிற்க ஒரு முறை, குழந்தையை அழைத்துவர ஒரு முறை என்று சியோலுக்கு இரண்டு பயணம் போவார்கள்.

எதிர் வீட்டில் 2016 வசந்தத்தில் ஒரு பையனின் புகைப்படமும் மருத்துவக் குறிப்பும் வந்தன. அப்போது அவனுக்குப் பத்து மாதம். இனி நம் பிள்ளை இவன்தான் என்று தெரிந்த பிறகும் ஒன்றரை வருடம் காத்திருந்தார்கள். முன்னால் காத்திருந்த காலத்தைவிட அதுதான் கஷ்டம் என்றார்கள்.

எந்தெந்தப் பண்டிகை? எல்லாவற்றையும் கொண்டாட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். பெரியவை இரண்டு: சந்திரப் புத்தாண்டான சியோல்லால், அறுவடைப் பௌர்ணமியான சுசோக். கொரியாவில் இரண்டுக்கும் மூன்று மூன்று நாள் விடுமுறை. ரயில் டிக்கெட் கிடைக்காமல் ஊரே ஊருக்குக் கிளம்பும் நாட்கள் அவை. இந்த இரண்டோடு குழந்தையின் பிறந்தநாளையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

சின்னதாக ஒன்று ஆசைப்பட்டால் டிசம்பர் 21, 22 வாக்கில் வரும் தொங்ஜி. வருடத்தின் மிக நீண்ட இரவு. சிவப்புக் காராமணியில் கஞ்சி காய்ச்சி, அதில் அரிசி மாவு உருண்டைகளைப் போட்டுச் சாப்பிடுவார்கள். சிவப்பு நிறம் கெட்டதை விரட்டும் என்பது நம்பிக்கை. மினசோட்டாவின் மைனஸ் இருபதில் அந்தக் கஞ்சிக்குக் காரணமே தேவையில்லை.

சியோல்லால் என்பது சீனப் புத்தாண்டுதானே?

கொரியர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். இரண்டும் சந்திர நாட்காட்டியில் முதல் மாதத்தின் முதல் நாள்தான். பெரும்பாலான வருடங்களில் ஒரே தேதியில் வரும். ஆனால் அமாவாசை கணத்தை அந்தந்த நாட்டு நேரத்தில் கணக்கிடுவதால் எப்போதாவது விலகும். 2027-ல் அப்படி விலகுகிறது. அமாவாசை கணம் பெய்ஜிங்கில் பிப்ரவரி 6 நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பும், சியோலில் 7-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியும் விழுகிறது. அதனால் சீனாவில் 6, கொரியாவில் 7. பஞ்சாங்கத்தில் திதி பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும். எதிர் வீட்டுக்காரருக்குத் தாளில் வட்டம் போட்டு விளக்க வேண்டியிருந்தது.

சாப்பாடும் விளையாட்டும் சடங்கும் வேறு. குழந்தையின் வீட்டில் சிவப்பு டிராகன் தாளைத் தொங்கவிட்டுவிட்டு ‘கொரியப் புத்தாண்டு’ என்று சொன்னால், பெரியவனானதும் அவனே கேட்பான்.

அன்று என்னதான் செய்வார்கள்?

காலையில் தொக்குக். பெயரைப் பார்த்து நம் தக்காளித் தொக்கை நினைக்காதீர்கள். ‘தொக்’ என்றால் அரிசி மாவில் செய்த பண்டம், ‘குக்’ என்றால் சூப். நீளக் குழலாக வரும் வெள்ளை அரிசிப் பண்டத்தைச் சாய்வாக, மெல்லிசாக வெட்டி, தெளிந்த சூப்பில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். மேலே முட்டையின் மஞ்சளும் வெள்ளையும் தனித்தனியாக வார்த்து நறுக்கிய கீற்றுகள், கொஞ்சம் கடற்பாசித் தாள். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் ஒரு வயது ஏறியது என்று கணக்கு. ‘எத்தனை கிண்ணம் தொக்குக் சாப்பிட்டிருக்கிறாய்?’ என்றால் ‘உன் வயது என்ன?’ என்று அர்த்தம். 2023 ஜூன் 28 முதல் கொரியச் சட்டம் வயதை உலக வழக்கப்படியே கணக்கிடுகிறது. கிண்ணக் கணக்கு மட்டும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சைவம் என்றால் மாட்டிறைச்சிக்குப் பதில் கடற்பாசிப் பட்டையும் காளானும் போட்டுச் சூப் வைக்கலாம். வெட்டிய துண்டுகள் கடையில் உறைந்த நிலையில் கிடைக்கும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்காமல் போட்டால் வெளியே குழைந்து உள்ளே ரப்பர் மாதிரி நிற்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்களை வணங்குவது, அவர்கள் பணம் கொடுப்பது, அப்புறம் நான்கு மரக்குச்சிகளை வீசி விளையாடும் யுன்னோரி. நம் தாயக்கட்டையின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காய் இன்னொன்றை வெட்டும், வெட்டியவருக்கு இன்னொரு ஆட்டம், சண்டை நிச்சயம்.

கும்பிடும் முறை தப்பாகிவிட்டால் மரியாதைக் குறைவு ஆகாதா?

கற்றுக்கொள்ளாமல் செய்தால்தான் மரியாதைக் குறைவு. உயிரோடு இருப்பவர்களை ஒரு முறை வணங்க வேண்டும். இறந்தவர்களுக்கு இரண்டு முறை. கைகளைக் குவிக்கும்போது ஆண்களுக்கு இடக்கை மேலே, பெண்களுக்கு வலக்கை மேலே. துக்க வீட்டில் இது தலைகீழ். ஆகவே புத்தாண்டு அன்று கை மாறினால் சாவு வீட்டு வணக்கமாகிவிடும். எதிர் வீட்டுக்காரர் முதல் வருடம் அதைத்தான் செய்தார். பணத்தை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். ‘செஹே பொக் மானி பாதுசெயோ’ என்று வாழ்த்த வேண்டும். புத்தாண்டில் நிறைய நற்பேறு கிடைக்கட்டும் என்று பொருள்.

காலில் விழுந்து ஆசி வாங்கிப் பழகிய நமக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. யார் முன்னும் மண்டியிட்டே பழக்கமில்லாத ஒருவர், வரப்போகும் பிள்ளைக்காகக் கூடத்துக் கம்பளத்தில் முட்டி வலிக்க வலிக்க ஒத்திகை பார்த்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த வீட்டின் மேல் மதிப்பு வந்தது.

சுசோக் நம் பொங்கல் மாதிரி, அந்தச் சோங்பியோன் நம் கொழுக்கட்டை மாதிரி. சரியா?

பொங்கல் பாதி, மகாளய அமாவாசை பாதி என்று சொல்லலாம். எட்டாம் சந்திர மாதத்துப் பௌர்ணமி. 2026-ல் செப்டம்பர் 25. புது அரிசியும் பழமும் உண்டு. முன்னோர் சமாதிக்குப் போய்ப் புல் வெட்டிச் சுத்தம் செய்வதும் உண்டு. இரவில் பெண்கள் கைகோத்து வட்டமாக ஆடும் கங்கங்சுல்லேவை 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

சோங்பியோன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அரிசி மாவில் கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசைந்து, கிண்ணம் போலக் குழித்து, பூரணம் வைத்து மூடி, ஆவியில் வேகவைப்பதுதான். பூரணம் வறுத்துப் பொடித்த எள்ளும் சர்க்கரையும், அல்லது பயறு, அல்லது செஸ்ட்நட். வடிவம் அரை நிலா. இட்லித் துணிக்குப் பதில் பைன் ஊசி இலைகளைப் பரப்பி அதன் மேல் வைப்பார்கள். ‘சோங்’ என்பதே பைன் மரம்தான். வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு மேலே எள்ளெண்ணெய். அவர்கள் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெயைவிட வாசனை தூக்கலாக இருக்கும்.

முதல் வருடம் என்னைக் கூப்பிட்டது இதற்குத்தான். நான் போனபோது ஆவிப் பாத்திரம் முழுக்கக் கறுப்புக் குழம்பு. எல்லாம் வெடித்து எள் பூரணம் ஒழுகியிருந்தது. குறிப்பு சொன்னது ஊறவைத்த அரிசியை ஈரமாக அரைத்து உறைய வைத்த மாவை; அவர்கள் வாங்கியது காய்ந்த மாவுப் பாக்கெட். தண்ணீர் போதவில்லை. இன்னும் அரைக் கோப்பை கொதிநீர், ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் மூடல். என் பாட்டி பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்வது அவ்வளவுதான். அடுத்த ஈடு ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: வீட்டு வேலியில் இருக்கும் ஊசியிலை எல்லாம் பைன் அல்ல. அமெரிக்க வேலிகளில் சர்வசாதாரணமாக இருக்கும் யூ செடி விஷம். அவர்கள் பறித்து வைத்திருந்ததில் பாதி அதுதான். நல்லவேளை, பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்துச் சொன்னார்.

சோங்பியோனை அழகாகப் பிடித்தால் அழகான மகள் பிறப்பாளாமே. பிள்ளைக்கு ஏங்குகிறவர்களிடம் இதைச் சொல்லலாமா?

அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. கர்ப்பிணி அழகாகப் பிடித்தால் அழகான மகள், கல்யாணமாகாதவள் பிடித்தால் நல்ல துணை. கொரியச் சமையல் வகுப்பு நடத்துகிறவர்கள் சிரிப்புக்காக முதலில் சொல்வதே இதைத்தான். எதிர் வீட்டு அம்மா ஒரு வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு, மாவுக் கையோடு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாராம். கருச்சிதைவுகள் அவருக்கு ஒன்றுக்கு மேல்.

என்னைக் கேட்டால், நீங்களாகச் சொல்லாதீர்கள். அவர்களே சொல்லிச் சிரிக்கத் தொடங்கினால் சேர்ந்து சிரியுங்கள். மூன்றாவது வருடம் அவரே கோணல்மாணலாக ஒன்றைப் பிடித்து, ‘இது பையனுக்கு’ என்று தனியாக வைத்தார்.

முன்னோர் படையலையும் போட வேண்டுமா?

சியோல்லால், சுசோக் இரண்டு காலையிலும் கொரிய வீடுகளில் சாரே என்ற படையல் உண்டு. பழம், மீன், சோறு எல்லாவற்றுக்கும் மேசையில் இன்ன வரிசை, இன்ன திசை என்று இருக்கும். கிறிஸ்தவக் கொரியர்கள் பலர் அதைச் செய்யாமல் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் ‘கொரியர் எல்லாரும் செய்வது’ என்று எதையும் நினைக்க வேண்டாம்.

எதிர் வீட்டுக்காரர்கள் முதல் வருடம் மேசை போடத் தயாரானார்கள். அங்கே வந்திருந்த ஒரு கொரியப் பாட்டி, யார் பெயரைச் சொல்லிக் கும்பிடப் போகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். பதில் இல்லை. குழந்தையின் முன்னோர் யாரென்று தெரியாது, இவர்கள் முன்னோர் சுவீடன்காரர்கள். மேசையை மடித்து வைத்துவிட்டு, அந்தச் சுசோக் அன்று மனைவியின் தாத்தா கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டிவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு வருடமும் போகிறார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது.

ஹான்பொக் என்ற கொரிய உடை அழகாக இருக்கிறது. இப்போதே வாங்கி வைக்கலாமா?

குழந்தை யாரென்று தெரியும் முன் வேண்டாம். கோடிட்ட வண்ணக் கையும் பட்டு நாடாவும் வைத்த அந்தக் குட்டி உடையைக் கண்டால் வாங்காமல் வர மனம் வராது என்பது உண்மை. எதிர் வீட்டில் முதல் வருடமே ஒரு சிவப்புப் பாவாடை வாங்கினார்கள். வந்தது பையன். பாவாடை இன்னும் அலமாரியில்.

குழந்தை முடிவான பிறகு, நீதிமன்றப் பயணத்தில் சியோலின் குவாங்ஜாங் சந்தை மாதிரி இடத்தில் ஒரு அளவு பெரிதாக வாங்குவது நல்லது. பெரியவர்கள் தங்களுக்கும் வாங்க வேண்டுமா என்றால், வருடத்துக்கு ஒரு நாள் குழந்தை மட்டும் வேறு உடையில் நின்று மற்றவர்கள் ஜீன்ஸில் படம் எடுத்துக்கொள்வது நன்றாக இல்லை என்று வளர்ந்த தத்துப்பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முதல் பிறந்தநாள் அங்கேயே முடிந்துவிட்டால் என்ன செய்வது?

பெரும்பாலும் அங்கேதான் முடியும். கொரியாவில் நூறாவது நாளும் முதல் பிறந்தநாளும் பெரிய விசேஷங்கள். குழந்தை பிழைத்துவிட்டது என்று மூச்சுவிட்ட காலத்திலிருந்து வருபவை. நூறாம் நாளில் வெள்ளை அரிசிப் பண்டத்தை நூறு வீட்டுக்குக் கொடுத்தால் ஆயுள் என்பார்கள். முதல் பிறந்தநாளான டோலில் குழந்தை முன் நூல், பென்சில், பணம், அரிசி எல்லாம் பரப்பி எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். நூல் என்றால் நீண்ட ஆயுள், பென்சில் என்றால் படிப்பு. இப்போது ஸ்டெதாஸ்கோப்பும் மைக்கும்கூட வைக்கிறார்கள்.

காத்திருக்கும் குழந்தைகளுக்கு வளர்ப்புத் தாயோ தத்தெடுப்பு நிறுவனமோ டோல் நடத்திப் படம் அனுப்புவதுண்டு. எதிர் வீட்டுக்கும் வந்தது. அடுக்கடுக்காகப் பண்டம், பழம், நடுவில் அவன். கையில் பென்சில், கண் மட்டும் தர்பூசணி மேல். சியோல் பதினான்கு மணி நேரம் முந்தியது. இவர்கள் முந்தைய நாள் மாலையிலேயே தொக் வாங்கி நூறு வீட்டுக்கு இல்லாவிட்டாலும் தெருவில் பதினொரு வீட்டுக்குக் கொடுத்தார்கள். நூறாம் நாளுக்கும் முதல் பிறந்தநாளுக்கும் சேர்த்துக் கணக்கு முடித்ததாகச் சொன்னார்கள். இரண்டரை வயதில் வந்த பிறகு டோலை மறுபடி நடத்த வேண்டாம். அது நடந்துவிட்டது, வேறொரு அம்மா நடத்தினார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதுதான் முறை.

பிறந்தநாளில் பாசி சூப் குடிப்பார்களாமே. கேக் வெட்ட மாட்டார்களா?

கேக்கும் உண்டு. மியோக்குக் என்ற கடற்பாசி சூப், பிரசவித்த தாய் வாரக்கணக்கில் குடிப்பது. நம் பத்தியச் சாப்பாடு போல. பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அதைச் செய்வது, பெற்றவள் பட்ட பாட்டை நினைப்பதற்கு. (பரீட்சை அன்று மட்டும் குடிக்கக் கூடாது, வழுக்கிவிடுமாம்.)

ஆக, தத்தெடுத்த வீட்டில் இது லேசான சூப் அல்ல. அது நினைவூட்டுவது அந்த வீட்டு அம்மாவை அல்ல. எதிர் வீட்டு அம்மா இதைச் செய்யலாமா என்று மாதக்கணக்கில் யோசித்தார். செய்யலாம், ஆனால் இது யாருக்கான சூப் என்பதையும் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. சொல்ல மனமில்லாத வருடம் கேக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கொரியாவில் தத்தெடுப்பு நாள் என்றே ஒன்று உண்டாமே. அதைக் கொண்டாடலாமா?

மே 11. ஐந்தாம் மாதம் குடும்ப மாதம். மே 5 குழந்தைகள் தினம், மே 8 பெற்றோர் தினம். 11 என்பது ஒரு குடும்பமும் ஒரு குழந்தையும் சேர்வது. ஆனால் 2011 முதல் அதே மே 11-ஐத் தனித்தாய்மார் தினம் என்று கொரியாவின் மணமாகாத தாய்மார்களும் திரும்பிவந்த தத்துப்பிள்ளைகளும் கடைப்பிடிக்கிறார்கள். பிள்ளையைக் கொடுக்கும் நிலை ஏன் வந்தது என்று கேட்பதற்காக. நானாக இருந்தால் மே 5-ஐ எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போவேன்.

கொரியாவிலும் அம்மா, அப்பா என்றுதான் சொல்வார்களாமே. தமிழ்த் தொடர்பா?

‘ஒம்மா’, ‘அப்பா’. காதில் விழுந்ததும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் குழந்தை முதலில் உதட்டை ஒட்டிப் பிரிக்கும் ஒலிகளில்தான் பல மொழிகளில் இந்தச் சொற்கள் பிறந்திருக்கின்றன. இதை வைத்துப் பெரிய வரலாறு கட்ட நான் தயாரில்லை.

காத்திருப்பவர்களுக்கு வேறு சொல்தான் முக்கியம். கொரிய மழலையில் ‘மம்மா’ என்றால் சாப்பாடு. பிள்ளை வந்த முதல் வாரம் ‘மம்மா மம்மா’ என்று அழுதால் உங்களைக் கூப்பிடுகிறான் என்று உருகிவிடாதீர்கள், பசிக்கிறது. ‘முல்’ தண்ணீர். ‘ஒபுபா’ என்றால் முதுகில் தூக்கிக்கொள். ‘ஒம்மா’ என்ற சொல் ஏற்கெனவே வளர்ப்புத் தாய்க்குச் சொந்தமாகியிருக்கும். அது மெதுவாகத்தான் இடம் மாறும். வாழ்த்து மனப்பாடம் செய்வதற்கு முன் இந்த நாலு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர்கள் கொரியப் பண்டிகை கொண்டாடுவது வேஷம் இல்லையா?

ஆகிவிடலாம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்து வளர்ந்தவர்கள் பலர் சொல்வது இது: கோடையில் ஒரு வாரம் கொரியப் பண்பாட்டு முகாம், விசிறி நடனம், கிம்ச்சி, உடை. மீதி ஐம்பத்தோரு வாரம் பள்ளியில் தன்னைப் போல முகமுள்ள ஒருவர்கூட இல்லை. கண்ணை இழுத்துக் காட்டிக் கேலி செய்தால் வீட்டில் ‘கண்டுகொள்ளாதே’ என்ற பதில். பண்டிகையில் குறை இல்லை. அதை வைத்தே எல்லாம் முடிந்தது என்று நினைத்ததுதான் குறை.

அதனால் காத்திருக்கும் காலத்தில் ஆட்களைச் சம்பாதிக்கச் சொல்வேன். கொரியக் கடைக்காரரோடு பழக்கம், கொரியத் தேவாலயத்தில் சிநேகிதம், மொழி வகுப்பு. படையலை நிறுத்திய பாட்டியை மேலே பார்த்தீர்கள். அப்படி ஒருவர் வீட்டுக்கு வந்து தப்பைச் சொல்லும் உரிமையோடு இருந்தால் வேஷம் கலைந்துவிடும்.

கொரியத் தத்தெடுப்பில் மோசடி நடந்ததாகப் படித்தேன். அதற்குப் பிறகும் கொண்டாட்டமா?

நீங்கள் படித்தது உண்மை. வெளிநாட்டுத் தத்தெடுப்பு 1950–53 போருக்குப் பின் தொடங்கியது, நாடு வளமான பிறகும் நிற்கவில்லை. 1985-ல் மட்டும் 8,800-க்கு மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடு போனார்கள். மொத்தம் ஏறத்தாழ 2 லட்சம் என்கிறார்கள். பெற்றோர் உள்ள குழந்தையை அநாதை என்று பதிவு செய்தது, ஒரு குழந்தையின் அடையாளத்தை இன்னொன்றுக்கு மாற்றியது எல்லாம் நடந்திருக்கிறது. 11 நாடுகளுக்கு அனுப்பப்பட்ட 367 பேர் முறையிட்டதை விசாரித்த கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அரசின் பொறுப்பை 2025 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னது. அந்த அக்டோபரில் அதிபர் லீ ஜே-மியுங் மன்னிப்புக் கேட்டார்.

இதைத் தெரிந்துகொண்டும் சோங்பியோன் பிடிக்கலாம். தெரியாமல் பிடிப்பதுதான் பிரச்சினை. எதிர் வீட்டில் பையனுடைய கோப்பின் கொரிய மூலம் முழுவதையும் கேட்டு வாங்கி, சுருக்க மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாமல், வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பண்டிகைச் செலவைவிட அதுதான் பிள்ளைக்குச் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

இப்போது விண்ணப்பித்தால் கிடைக்குமா?

நடைமுறையில் கதவு மூடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலை 19 முதல் தத்தெடுப்பு தனியார் நிறுவனங்களின் கையிலிருந்து அரசுக்குப் போய்விட்டது. அக்டோபர் 1 முதல், நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் ஹேக் ஒப்பந்தமும் அங்கே செல்லும். வெளிநாட்டுத் தத்தெடுப்பை 2029-க்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அந்த டிசம்பரில் அரசு அறிவித்தது. 2024-லேயே எண்ணிக்கை 58-தான். ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களைத் தவிர யாரையும் இதை நம்பிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் காத்திருந்து, கொண்டாடி, கடைசியில் குழந்தை வராமலே போனால்?

போயிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நான்கு வருடம் காத்திருந்துவிட்டு விலகியது. சுவரில் நாள் எண்ணுவது, காலி நாற்காலி போடுவது, பெயர் பொறித்த கிண்ணம் வாங்குவது, இவற்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். பண்டிகை முடிந்ததும் அவைதான் கண்ணில் உறுத்திக்கொண்டு நிற்கும். தொக்குக் அப்படி நிற்காது, சாப்பிட்டு முடித்துவிடலாம். அந்தக் குடும்பத்தில் பண்டிகையை விட்டுவிட்டார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

குழந்தை வந்து, ‘எனக்கு இதெல்லாம் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால்?

சொல்வார்கள். எட்டு வயதில் எல்லாரையும் போல இருக்க ஆசை வரும், பதினாறில் திரும்ப வரலாம், வராமலும் போகலாம். பெரியவர்கள் தங்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தால் (முதல் கேள்வியில் சொன்னதுதான்) பிள்ளை வந்து உட்காரலாம், உட்காராமலும் இருக்கலாம்.

எதிர் வீட்டுப் பையன் வந்த பிறகு முதல் சுசோக் 2018 செப்டம்பரில். மூன்று வயது. ஹான்பொக்கைப் போட்டதும் கழற்றி எறிந்தான். பாட்டுக்கும் நிலாவுக்கும் மசியவில்லை. ஒரு சோங்பியோனை எடுத்தான், விரலால் ஓட்டை போட்டு எள் பூரணத்தை மட்டும் நக்கிவிட்டு, வெற்று மாவுக் கூட்டை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தான். ஆறு கூடு வரைக்கும் நான் எண்ணினேன்.